சாலையிலிருந்து மேசை வரை: ஊராட்சி அலுவலகத்தையும் கிராம சபையையும் மாற்றுத்திறனாளிகளுக்கு ஏற்றதாக்குவது எப்படி

மதுரை மாவட்டத்தில் மேலூர், உசிலம்பட்டி, திருமங்கலம் பக்கம் பல ஊராட்சி அலுவலகங்களில் இப்போது சாய்தளம் இருக்கிறது. ஆனால் சக்கர நாற்காலியில் வருகிற ஒருவர் யார் துணையும் இல்லாமல் அதில் ஏறி, உள்ளே போய், மனுவைக் கொடுத்து, கழிப்பறைக்கும் போய்விட்டு வீடு திரும்ப முடிகிற அலுவலகம் அரிது. சாய்தளம் மொத்த வேலையில் ஒரு பகுதி மட்டுமே. வண்டியை விட்டு இறங்கும் இடம், முற்றம், வாசல், கதவு, மேசை, கழிப்பறை, மறுபடி சாலை என்று ஒரே வழியாக இதைப் பார்க்க வேண்டும். வழியில் எங்கேயாவது மூன்று அங்குல நிலைப்படி ஒன்று குறுக்கே நின்றால் மற்ற செலவெல்லாம் வீண்.

சட்டம் தெளிவாக இருக்கிறது. மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் 2016, 21 வகை மாற்றுத்திறன்களைக் கணக்கில் எடுக்கிறது. பொதுக் கட்டடங்களை விதிகள் வந்த ஐந்தாண்டுக்குள் எல்லோரும் அணுகும்படி மாற்ற வேண்டும் என்கிறது அதன் 45-ஆம் பிரிவு. விதிகள் 2017 ஜூனில் வந்தன. கெடு 2022-லேயே முடிந்துவிட்டது. ஆகவே ஊராட்சித் தலைவரோ தனி அலுவலரோ செயலரோ இதைச் சலுகையாக நினைத்துச் செய்யத் தேவையில்லை. நிலுவையில் நிற்கிற கடமை இது.

முதலில் அளந்து பாருங்கள்

வேண்டிய பொருள்கள் கொஞ்சம்தான். 5 மீட்டர் இரும்பு டேப், நாலு அடி மட்டப்பலகை, ரசமட்டம், உயர வித்தியாசம் பார்க்கத் தண்ணீர் ட்யூப், ஒரு நோட்டு. இவற்றைவிட முக்கியம் ஆட்கள். உள்ளூரிலிருந்து சக்கர நாற்காலி பயன்படுத்துபவர் ஒருவர், ஊன்றுகோலில் நடப்பவர் ஒருவர், பார்வையற்றவர் ஒருவர், காது கேளாதவர் ஒருவர் என நாலு பேரையாவது அழையுங்கள். ஒருவருக்கு வசதியானது இன்னொருவருக்கு இடைஞ்சலாக இருப்பதுண்டு. ஊன்றுகோலில் வருபவர்களில் பலருக்கு நீண்ட சாய்தளத்தைவிடக் கைப்பிடி வைத்த தாழ்வான படிகளே எளிது. சாய்தளம் கட்டுகிறோம் என்று படிகளை உடைத்துவிடாதீர்கள். இரண்டும் இருக்கட்டும். படி ஆறு அங்குல உயரமும் ஓர் அடி அகலமும் உள்ளதாக, எல்லாம் ஒரே அளவில் இருக்க வேண்டும்.

வந்தவர்களுக்கு அன்றைய கூலியையும் வண்டிச் செலவையும் ஊராட்சியே கொடுக்க வேண்டும். அவர்கள் செய்வது ஆய்வு வேலை, விருந்தாளியாக வரவில்லை.

பேருந்து நிறுத்தத்திலிருந்தோ, பக்கச் சக்கரம் வைத்த ஸ்கூட்டரை நிறுத்துகிற இடத்திலிருந்தோ அவர்களைத் தொடங்கச் சொல்லுங்கள். ஒரு வேலையும் கொடுங்கள்: வீட்டு வரி ரசீது வாங்கிவர வேண்டும், அவ்வளவுதான். பின்னால் நடந்து பார்த்து எழுதுங்கள், கை கொடுக்காதீர்கள். முன்சக்கரம் எங்கே மாட்டியது, கை எந்தச் சுவரைத் தேடியது, எந்த இடத்தில் யாரிடம் கேட்க வேண்டிவந்தது என்பதுதான் உங்கள் வேலைப் பட்டியல். ஒவ்வோர் இடத்திலும் டேப்பை வைத்து அகலம், உயரம், சரிவு மூன்றையும் குறித்துக்கொள்ளுங்கள்.

சாய்தளம்

கொத்தனாரிடம் சொல்ல வேண்டிய கணக்கு ஒரே வரி: ஓர் அங்குல உயரத்துக்கு ஓர் அடி நீளம். அலுவலகத் தரை முற்றத்தைவிட 18 அங்குலம் உயரமென்றால் சாய்தளம் 18 அடி. இதுதான் தரநிலைகள் சொல்லும் 1:12. இதைவிடச் செங்குத்தாகப் போகக்கூடாது. இடமிருந்தால் ஓர் அங்குலத்துக்கு ஒன்றேகால் அடி என்று கட்டுங்கள், ஏறுகிறவரின் தோள் தாங்கும். ஒரே ஓட்டமாக 30 அடிக்கு மேல் வரக்கூடாது. நடுவில் ஐந்தடி மட்டமான இடம் விட்டு, மூச்சு வாங்கிப் போகும்படி செய்யுங்கள். மேலேயும் கீழேயும் ஐந்தடிக்கு ஐந்தடி மட்டமான இடம் கட்டாயம் வேண்டும். மேலே அந்த இடம் இல்லையென்றால், சரிவில் நாற்காலி பின்னால் உருளாமல் ஒரு கையால் பிடித்துக்கொண்டே மறு கையால் கதவைத் திறக்க வேண்டியிருக்கும். அது யாராலும் முடியாது.

அதிகம் நடக்கிற தவறு, இருக்கிற படிகளின் மேலேயே சிமெண்டைக் கொட்டி வழித்துவிடுவது. மூன்று படிக்கு நாலடி நீளத்தில் சரிவு. கணக்குக்குச் சாய்தளம் ஆகிவிடும், பில்லும் பாஸாகும். ஏற இரண்டு ஆள் தள்ள வேண்டும், இறங்கும்போது குப்புற விழ வேண்டும். சரிபார்ப்பது சுலபம். நாலடி மட்டப்பலகையின் ஒரு முனையைச் சரிவின் மேற்பக்கம் வையுங்கள். மேலே ரசமட்டத்தை வைத்து, குமிழ் நடுவில் வரும்வரை மறு முனையைத் தூக்குங்கள். தூக்கிய முனைக்கும் தரைக்கும் நடுவே நாலு அங்குலத்துக்கு மேல் இருந்தால் சரிவு அதிகம். கைபேசியில் கோணம் காட்டும் செயலி இருந்தால் 4.8 டிகிரி வரை சரி.

வாசலுக்கு நேரே 18 அடி இல்லையே என்பது பல ஊர்களில் உண்மையான சிக்கல். கட்டடச் சுவரை ஒட்டிப் பக்கவாட்டில் ஓட விடலாம். அதற்கும் இடமில்லையென்றால் பாதியில் ஐந்தடி மட்டம் கொடுத்துத் திருப்பலாம். எங்களைக் கேட்டால் இரண்டையும்விட நல்லது முற்றத்தையே மெல்ல உயர்த்துவது. 18 அங்குலத்தை 30 அடியில் ஏற்றினால் அது 1:20 சரிவு, கண்ணுக்குச் சாய்தளமாகவே தெரியாது. எல்லோரும் ஒரே வழியில் வருவார்கள். கிழவிகளுக்கும், தலைச்சுமையோடு வருபவர்களுக்கும், பிள்ளை வண்டிக்கும் அதுவே பாதை.

18 அடி நீளம், ஐந்தடி அகலமுள்ள சாய்தளத்துக்கான பொருள் கணக்கு இது. இரண்டு பக்கமும் ஒன்பது அங்குலச் செங்கல் சுவர், நடுவில் கிராவல் நிரப்பு. நிரப்பை ஆறு ஆறு அங்குலமாகக் கொட்டி, தண்ணீர் விட்டுத் திமிசு போட்டால்தான் பின்னால் இறங்காது. மேலே நாலு அங்குலக் கான்கிரீட் 1:1½:3 கலவையில். அதன் கொள்ளளவு ஏறத்தாழ 30 கன அடி. ஏழு மூட்டை சிமெண்ட், 13 கன அடி எம்-சாண்ட், 25 கன அடி 20 மில்லிமீட்டர் ஜல்லி வேண்டும். மேற்பரப்பில் மின்னும் தண்ணீர் வற்றிய கையோடு தென்னந்துடைப்பத்தைச் சரிவுக்குக் குறுக்கே இழுத்துக் கோடு போடுங்கள். வழவழப்பாகத் தேய்த்துப் பூசினால் ஐப்பசி மழையில் ஊன்றுகோலின் ரப்பர் நுனி நிற்காது. ஏழு நாளாவது ஈரச்சாக்கு போட்டுக் காயாமல் வைத்திருங்கள். சித்திரை, வைகாசியில் கட்டினால் சாக்கை ஒரு நாளைக்குப் பலமுறை நனைக்க வேண்டும், இல்லையென்றால் ஓரம் பொடியாகிவிடும்.

மேலூர்ப் பக்கம் கிரானைட் எளிதில் கிடைப்பதால் பளபளப்பான பலகைக் கல்லைச் சாய்தளத்தில் பதிக்கும் ஆசை வரும். வேண்டாம். ஈரத்தில் அதைவிட ஆபத்தான தரை கிடையாது. கல்தான் போட வேண்டுமென்றால் நெருப்புச் சூட்டில் சொரசொரப்பாக்கிய கல்லைப் போடுங்கள்.

திருமங்கலம், கள்ளிக்குடி, தே.கல்லுப்பட்டி, சேடப்பட்டி வட்டாரங்களில் கரிசல் மண் உள்ள இடங்களில் இன்னொரு கவலை இருக்கிறது. மழையில் உப்பி, கோடையில் வெடித்துச் சுருங்கும் மண் அது. கட்டடம் ஆழமான அடித்தளத்தில் நிற்கும், சாய்தளம் மேல் மண்ணில் நிற்கும். இரண்டு மழைக்காலம் போனதும் சாய்தளம் மட்டும் இறங்கி, கதவருகே இரண்டு அங்குலத்துக்கு ஒரு படி புதிதாக உண்டாகிவிடும். நன்றாகக் கட்டிய சாய்தளத்தையும் இது கெடுத்துவிடும். தவிர்க்க, சாய்தளம் வரும் இடத்தில் இரண்டிலிருந்து மூன்றடி ஆழத்துக்குக் கரிசலைத் தோண்டி எடுத்துவிட்டுக் கிராவல் நிரப்புங்கள். கட்டடத்துக்கும் சாய்தளத்துக்கும் நடுவே அரை அங்குல இடைவெளி விட்டுத் தார் அடையுங்கள். கூரைத் தண்ணீர் சாய்தளத்தின் ஓரத்தில் கொட்டாதபடி குழாய் வைத்து விலக்கிவிடுங்கள். ஈரம் ஒரு பக்கம் மட்டும் ஏறினால்தான் மண் கோணலாக உப்பும்.

கைப்பிடி இரண்டு பக்கமும் வேண்டும், ஒவ்வொரு பக்கமும் இரண்டு வரிசை: ஒன்று இரண்டரை அடி உயரத்தில், ஒன்று மூன்றடியில். ஒன்றரை அங்குலக் குழாய் கைக்கு அடக்கமானது. சரிவு தொடங்குவதற்கு ஓர் அடி முன்பே கைப்பிடி தொடங்கி, முடிந்தபின் ஓர் அடி நீண்டு, முனை கீழ்நோக்கி வளைந்திருக்க வேண்டும். பார்வையற்றவருக்குச் சரிவு வரப்போகிறதென்று சொல்வது அந்த ஓர் அடிதான். கைப்பிடிகளுக்கு இடையே நாலடி தெளிவாக இருக்கட்டும். ஓரத்தில் நாலு அங்குலத் திட்டு கட்டுங்கள், சக்கரம் வெளியே இறங்காது. வெயிலில் கிடக்கும் எவர்சில்வர் குழாய் கத்திரி நாளில் கையைச் சுட்டுவிடும் என்பதை மதுரை வெயில் தெரிந்தவர்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. மேலே தகரக் கூரை போடுங்கள், அல்லது குழாய்க்குப் பிளாஸ்டிக் உறை மாட்டுங்கள்.

முற்றம் முழுக்க பேவர் பிளாக் பதித்திருந்தால், நாற்காலியின் சிறிய முன்சக்கரம் இடுக்குகளில் திரும்பிச் சிக்கும். வாயிலிலிருந்து சாய்தளம் வரை நாலடி அகலத்துக்கு மட்டும் கற்களைப் பெயர்த்துவிட்டுச் சாதாரணக் கான்கிரீட் போட்டால் போதும். சாக்கடை மூடியின் கம்பி இடைவெளி அரை அங்குலத்தைத் தாண்டக்கூடாது, கம்பிகள் நடக்கும் திசைக்குக் குறுக்கே ஓட வேண்டும். மாடு நுழையாமலிருக்க வாயிலில் நட்டுவைக்கும் கல்தூண்களுக்கு நடுவே மூன்றடியாவது விடுங்கள். முன்னால் உள்ள தெருவைப் பழைய தாரைச் சுரண்டாமல் மேலே மேலே போட்டால், சாய்தளத்தின் அடி பள்ளமாகித் தண்ணீர் கட்டும். சாலை வேலைக்கு ஆள் வருமுன் அந்த மட்டத்தைச் சுவரில் குறித்து உதவிப் பொறியாளரிடம் காட்டிவிடுங்கள்.

கதவும் மேசையும்

கதவு திறந்த நிலையில் தெளிவான அகலம் மூன்றடி. நாலு பக்கமும் மரம் வைத்த பழைய நிலை என்றால் கீழ்ச் சட்டத்தை அறுத்தெடுத்துவிடலாம். நிலை அசையாமலிருக்க அடியில் இரண்டு பக்கமும் இரும்புப் பட்டையால் சுவரோடு பிணையுங்கள். மிஞ்சும் மேடு அரை அங்குலத்துக்குள் இருக்கட்டும். சேனல் கேட்டின் அடித்தண்டவாளம் தரைக்கு மேலே துருத்தி நின்றால், தரையை வெட்டி அதை உள்ளே இறக்குங்கள். ஷட்டரைப் பாதி இறக்கிவைக்கும் பழக்கத்தை நிறுத்துங்கள், பார்வையற்றவரின் கைத்தடி கீழே வெளியைத்தான் காட்டும், நெற்றிதான் ஷட்டரில் இடிக்கும்.

மேசையின் ஒரு பகுதி இரண்டரை அடி உயரத்தில், அடியில் முழங்கால் நுழையும் வெற்றிடத்தோடு இருக்க வேண்டும். புதிதாகக் கவுண்டர் கட்டத் தேவையில்லை, சாதாரண எழுதும் மேசை ஒன்றைப் பக்கத்தில் போட்டாலே அந்த உயரம் வந்துவிடும். மாடியில் இருக்கும் ஒன்றிய அலுவலகப் பிரிவுகளுக்கு லிஃப்ட் கேட்டு ஆண்டுக்கணக்கில் காத்திருப்பதைவிட, மனு வாங்கும் மேசையையும் இ-சேவைக் கணினியையும் தரைத்தளத்துக்கு இறக்குவது ஒரு பகல் வேலை. லிஃப்ட்டும் கேளுங்கள்.

ரேஷன் கடைக் கட்டடம் ஊராட்சிப் பொறுப்பில் வருகிற ஊர்களில் இதே அளவுகள் அங்கேயும் பொருந்தும். கடைச் சாய்தளத்தில் சாக்கு அடுக்குவதும் பைக் நிறுத்துவதும்தான் முதல் பகை. மஞ்சள் வண்ணத்தில் பட்டை அடித்து, தினம் காலையில் கடை திறப்பவர் பெயரில் பொறுப்பு எழுதிவையுங்கள். தொழுநோயால் விரல் இழந்தவர்களுக்கு விரல்ரேகைக் கருவி வேலை செய்யாது. கண்கருவிழிப் பதிவோ, அவர் சார்பாக வாங்க அங்கீகரிக்கப்பட்ட ஆளோ ஏற்பாடாகியிருக்கிறதா என்று கேட்டு முடித்துக் கொடுங்கள். 2025 ஆகஸ்டில் தொடங்கிய தாயுமானவர் திட்டத்தில் முதியவர்களுக்கும் மாற்றுத்திறனாளிகளுக்கும் பொருள் வீட்டுக்கே வருகிறது. உங்கள் ஊரில் தகுதியுள்ளவர்கள் அந்தப் பட்டியலில் இருக்கிறார்களா என்று பாருங்கள். வீட்டுக்கு வருகிறதே என்று கடைச் சாய்தளத்தைக் கைவிடாதீர்கள், கடைக்கு வர விரும்புகிறவர் வரட்டும்.

கழிப்பறை

பெண்கள் பலர் கூட்டத்துக்கு வராமல் போவதற்கு ஒரு காரணம், போகத்தக்க கழிப்பறை இல்லாததுதான். நாலு மணி நேரக் கூட்டத்துக்குக் காலையிலிருந்தே தண்ணீர் குடிக்காமல் வருபவர்கள் இருக்கிறார்கள். தண்டுவடம் பாதிக்கப்பட்டவர்களுக்கு அது சிறுநீர்த் தொற்றில் கொண்டுபோய் விடும். பணம் ஒரே வேலைக்குத்தான் இருக்கிறதென்றால், ஓடு பதிப்பது, வளைவு கட்டுவது எல்லாவற்றையும் தள்ளிவைத்துவிட்டு இதை முதலில் செய்யுங்கள்.

உள்ளளவு 2,200-க்கு 2,000 மில்லிமீட்டர், அதாவது ஏறத்தாழ ஏழேகால் அடிக்கு ஆறரை அடி. நாற்காலி உள்ளே முழுதாகத் திரும்ப ஐந்தடி வட்டம் வேண்டும். கதவு வெளிப்பக்கம் திறக்க வேண்டும், இல்லையென்றால் நகர்த்தும் கதவு. உள்பக்கம் திறந்தால், ஒருவர் மயங்கி விழும்போது அவர் உடலே கதவை அடைத்துவிடும். வெஸ்டர்ன் கோப்பையின் இருக்கை தரையிலிருந்து 18 முதல் 19 அங்குலம். கடையில் சாதாரணமாகக் கிடைப்பது இதைவிடத் தாழ்வு. அதற்காகச் சிமெண்ட் மேடை கட்டி அதன்மேல் கோப்பையை வைப்பார்கள். மேடையின் விளிம்பில் நாற்காலியின் கால்பலகை முட்டி, கோப்பைக்குப் பக்கத்தில் வரவே முடியாது. உயரமான வகைக் கோப்பை என்று கேட்டே வாங்குங்கள்.

கோப்பையின் நடுக்கோடு பக்கச் சுவரிலிருந்து 18 அங்குலத்தில் வரட்டும். மறுபக்கம் மூன்றடி காலியாக இருக்க வேண்டும், நாற்காலியைப் பக்கவாட்டில் நிறுத்தி உடம்பை நகர்த்தும் இடம் அது. அந்த இடத்தில் வாளி, ப்ளீச்சிங் பவுடர் மூட்டை, உடைந்த நாற்காலி எதுவும் கூடாது. சுவர்ப்பக்கம் நிலையான பிடிகம்பி, இருக்கைக்கு எட்டு அங்குலம் மேலே. காலிப் பக்கம் மேலே மடக்கும் கம்பி. நாலரை அங்குலச் சுவரில் பிளாஸ்டிக் ரவுல்ப்ளக் போட்டு மாட்டிய கம்பி முதல் மாதத்திலேயே கையோடு வந்துவிடும். ஒன்பது அங்குலச் சுவரில் ஆங்கர் போல்ட் போடுங்கள். மெல்லிய சுவர்தான் என்றால் மறுபக்கம் இரும்புத் தட்டு வைத்துப் போல்ட்டை முடுக்குங்கள். வேலை முடிந்ததும் பருமனான ஆள் ஒருவர் கம்பியில் முழுப் பாரத்தையும் போட்டுத் தொங்கிப் பார்க்காமல் பில்லில் கையெழுத்துப் போடாதீர்கள்.

பீச்சுக்குழாய் உட்கார்ந்தபடி கைக்கு எட்டும் பக்கத்தில், கை கழுவும் தொட்டி 30 முதல் 33 அங்குல உயரத்தில் அடியில் வெற்றிடத்தோடு. குழாய் திருகு வகையாக இல்லாமல் தள்ளும் பிடியாக இருக்கட்டும். அவசர மணியின் கயிறு தரையிலிருந்து ஓர் அடி வரை தொங்க வேண்டும், விழுந்தவர் எழாமலே இழுக்க முடியும். அந்த மணி யாராவது உட்கார்ந்திருக்கும் அறையில் ஒலிக்க வேண்டும்.

கடைசியாகச் சாவி. கட்டி முடித்துப் பூட்டுப் போட்டு, சாவி பம்ப் ஆபரேட்டர் வீட்டில் தொங்கினால் கழிப்பறை இல்லாததற்குச் சமம். அலுவலக நேரம் முழுக்கத் திறந்திருக்கட்டும்.

கிராம சபை

குடியரசு நாள், மார்ச் 22, மே 1, சுதந்திர நாள், அக்டோபர் 2, நவம்பர் 1 என்று ஆண்டுக்கு ஆறு கிராம சபை. கட்டடம் சரியாவதற்குக் காத்திராமல் அடுத்த கூட்டத்திலிருந்தே தொடங்கக்கூடிய வேலை இங்கே இருக்கிறது.

இடத்தைத் தேர்ந்தெடுப்பதுதான் பாதி வேலை. கோயில் மண்டபமும் திடலும் வழக்கமான இடங்கள். மண்டபத்தில் படி இருக்கும், செருப்பைக் கழற்றச் சொல்வார்கள். காலிப்பர் (காலைத் தாங்கும் இரும்புச் சட்டம்) பொருத்திய பூட்ஸைக் கழற்றினால் நடக்கவே முடியாதவர் வாசலிலேயே நின்றுவிடுவார். சக்கர நாற்காலியைச் செருப்பாகக் கருதி நிறுத்தும் இடங்களும் உண்டு. மணல் திடலில் சக்கரம் புதையும். பள்ளிக்கூடத் தரைத்தளமோ சமுதாயக் கூடமோ மேல். பெரும்பாலும் பள்ளிகளே வாக்குச்சாவடிகள் என்பதால் சாய்தளம் ஏற்கெனவே இருக்கும். தேர்தலுக்காகப் பலகை வைத்து மறுநாள் பிரித்துவிடுகிற ஊரானால், அந்த இடத்தில் நிரந்தரமாகக் கட்டுவதை முதல் தீர்மானமாக வையுங்கள்.

அறிவிப்பில் நாள், நேரம், பொருளோடு இன்னொரு வரி சேர்க்க வேண்டும்: சைகை மொழிபெயர்ப்பாளர், வாகன வசதி, வேறு உதவி தேவைப்படுவோர் இன்னாரிடம் இந்தத் தேதிக்குள் சொல்லவும். தண்டோராவிலும் ஒலிபெருக்கி ஆட்டோவிலும் அதையே சொல்லச் சொல்லுங்கள். காது கேளாதவர் வீடுகளுக்குக் குரல் போய்ச் சேராது, தூய்மைக் காவலர் மூலம் எழுத்தில் கொடுத்தனுப்புங்கள்.

சைகை மொழிபெயர்ப்பாளர் வேண்டுமென்று ஆட்சியர் அலுவலக வளாகத்திலுள்ள மாவட்ட மாற்றுத்திறனாளிகள் நல அலுவலகத்தில் இரண்டு வாரம் முன்னதாகவே எழுதிக் கேளுங்கள். ஒவ்வொரு கிராம சபையும் எல்லா ஊரிலும் ஒரே நாளில் நடப்பதால் கடைசி நேரத்தில் ஆள் கிடைக்காது. பக்கத்து ஊராட்சிகள் சேர்ந்து, ஒருவர் காலையும் இன்னொருவர் மாலையும் என்று கூட்ட நேரத்தை மாற்றி வைத்துக்கொண்டால் ஒரே மொழிபெயர்ப்பாளர் இரண்டு ஊருக்கு வருவார். அவர் பேச்சாளருக்குப் பக்கத்தில், முகத்தில் வெளிச்சம் படும்படி நிற்க வேண்டும். சன்னலுக்கு முன்னால் நிறுத்தினால் நிழலுருவம்தான் தெரியும். ஒரு மணி நேரத்துக்கு மேல் போகும் கூட்டத்துக்கு இரண்டு பேர் மாறி மாறிச் செய்தால்தான் கை ஓயாது. பள்ளி போகாத காது கேளாதவர்கள் பலருக்குப் பள்ளியில் கற்றுத்தரும் சைகை தெரியாது, வீட்டுச் சைகைதான் தெரியும். அவர்களுக்கு அம்மாவோ அக்காவோ உடன் உட்கார அனுமதித்து, மொழிபெயர்ப்பாளர் அவர் வழியாகச் சொல்வதுதான் நடைமுறைக்கு ஒத்துவரும்.

வரவு செலவை ஃபிளெக்ஸ் பேனரில் தொங்கவிட்டால் போதுமென்று விடாதீர்கள். ஒவ்வொரு தொகையையும் மைக்கில் வாசியுங்கள். கை தூக்கச் சொல்லித் தீர்மானம் எடுத்தால் எத்தனை கை, யார் மறுத்தார் என்று வாயால் சொல்லுங்கள். தீர்மானப் புத்தகத்தில் பார்வையற்றவரிடம் கையெழுத்தோ ரேகையோ வாங்குமுன் அந்தப் பக்கத்தை முழுதும் வாசித்துக் காட்டுங்கள். மைக் நீண்ட கம்பியோடோ கம்பியில்லாததாகவோ இருந்தால் நாற்காலியில் இருப்பவரிடம் மைக் போகும், அவர் மேடைக்கு வர வேண்டியதில்லை. அறிவுசார் குறைபாடுள்ளவர் பேச நேரமெடுத்தால் பொறுத்திருங்கள். கூட்டத் தலைமை ஒரு தடவை பொறுத்தால் சபையும் பொறுக்கும்.

2025-ல் தமிழகச் சட்டப்பேரவை நிறைவேற்றிய திருத்தங்கள் ஊராட்சிகளிலும் நகர உள்ளாட்சிகளிலும் மாற்றுத்திறனாளிகளை நியமன உறுப்பினராக்க வழி செய்திருக்கின்றன. அவர் உட்காரும் கூடம் மாடியில் இருந்தால் கூட்டத்தைக் கீழே மாற்றுங்கள், அவரைத் தூக்கிச் செல்லாதீர்கள். நிகழ்ச்சி நிரலை முன்கூட்டியே அவர் படிக்கக்கூடிய வடிவத்தில் அனுப்புங்கள்.

அந்த வடிவம் பற்றி ஒரு வார்த்தை. கைபேசியிலும் கணினியிலும் உள்ள திரைவாசிப்பான் யூனிகோடு எழுத்தை மட்டுமே வாசிக்கும். பழைய எழுத்துருக்களில் தட்டச்சு செய்த கடிதத்தை வாசிக்கச் சொன்னால் ஆங்கில எழுத்துகளாக உளறும். ஸ்கேன் செய்த தாள் அதற்கு வெறும் படம். வாட்ஸ்அப் குழுவில் அறிவிப்பைப் படமாகப் போட்டால் கீழேயே அதே செய்தியைத் தட்டச்சிலும் போடுங்கள், ஒரு குரல்பதிவும் சேருங்கள். எழுதப் படிக்கத் தெரியாத மற்றவர்களுக்கும் அது உதவும்.

திட்டப் பட்டியல்கள்

வறுமை ஒழிப்புத் திட்டங்களிலும் வீட்டு ஒதுக்கீட்டிலும் குறைந்தது 5 விழுக்காடு மாற்றுத்திறனாளிகளுக்கு, பெண்களுக்கு முன்னுரிமையோடு, என்கிறது சட்டத்தின் 37-ஆம் பிரிவு. பயனாளிப் பட்டியல் கிராம சபையில் வாசிக்கப்படும்போதே இந்தக் கணக்கையும் சேர்த்து வாசிக்கச் சொல்லிக் கேளுங்கள். கலைஞரின் கனவு இல்லம் போன்ற திட்டத்தில் 360 சதுர அடி வீடு கிடைக்கும் குடும்பத்தில் நடக்க இயலாதவர் இருந்தால், அஸ்திவாரம் போடுமுன் கொத்தனாரிடம் பேசுங்கள். கதவு மூன்றடி, கழிப்பறை வீட்டோடு சேர்த்து, வாசல் தாழ்வாக. கட்டும்போது செய்தால் கூடுதல் செலவு மிகக் குறைவு, கட்டியபின் உடைத்தால் பல மடங்கு.

எஸ்டிமேட்டில் தனி வரி

சாய்தளம், கைப்பிடி, கழிப்பறைக் கம்பி எல்லாம் எஸ்டிமேட்டில் "இதர வேலைகள்" என்ற ஒரு வரிக்குள் போனால், பணம் பற்றாதபோது முதலில் வெட்டப்படுவது அவைதான். ஒவ்வொன்றும் தனி வரியாக, அளவோடு வரட்டும்: சரிவு 1:12, தெளிவகலம் நாலடி, கைப்பிடி இரண்டு வரிசை. பில் பாஸாகுமுன் கட்டிய சரிவை அளந்து அளவைப் புத்தகத்தில் எழுத வேண்டுமென்று உதவிப் பொறியாளரிடம் கேட்டுக்கொள்ளுங்கள். கிராம ஊராட்சி வளர்ச்சித் திட்டம் தயாராகும் அக்டோபர் கூட்டத்திலேயே தீர்மானம் போட்டுவைத்தால் அடுத்த ஆண்டு ஒதுக்கீட்டில் இடம் கிடைக்கும்.

வெளியிலிருந்து கேட்பவர்கள், அதாவது மாற்றுத்திறனாளிகளும் அவர்கள் குடும்பத்தாரும் சங்கங்களும், முதலில் திங்கட்கிழமை ஆட்சியர் அலுவலகக் குறைதீர் கூட்டத்தில் அளவுகளோடு மனு கொடுக்கலாம். "சாய்தளம் சரியில்லை" என்று எழுதாதீர்கள். "18 அங்குல உயரத்துக்கு 5 அடி நீளமே உள்ளது, 18 அடி வேண்டும்" என்று எழுதி, மட்டப்பலகை வைத்த படத்தையும் சேருங்கள். அளவு எழுதிய மனுவுக்கு மழுப்பலான பதில் எழுதுவது கடினம். தகவல் அறியும் உரிமைச் சட்டத்தில் 10 ரூபாய் வில்லை ஒட்டி எஸ்டிமேட், அளவைப் புத்தக நகல் கேட்கலாம், 30 நாளில் பதில் வர வேண்டும். அதற்கும் அசையாவிட்டால் மாற்றுத்திறனாளிகளுக்கான மாநில ஆணையரிடம் புகார் போகலாம். சட்டத்தை மீறுவோருக்கு முதல் முறை 10,000 ரூபாய் வரையும், மறுமுறை 50,000 முதல் 5 லட்சம் வரையும் அபராதம் விதிக்க 89-ஆம் பிரிவில் இடமிருக்கிறது.

வேலை முடிந்தபின் ஆண்டுக்கு இரண்டு முறை, மழை ஓய்ந்த மார்கழியிலும் வெயில் முடிந்த ஆடியிலும், அதே டேப்பையும் மட்டப்பலகையையும் எடுத்துக்கொண்டு சுற்றி வாருங்கள். கதவருகே சாய்தளம் இறங்கியிருக்கிறதா, கைப்பிடியின் வெல்டிங் விட்டிருக்கிறதா, பிடிகம்பி ஆடுகிறதா, அவசர மணி ஒலிக்கிறதா, தெரு மட்டம் ஏறியிருக்கிறதா என்று பார்த்து, தேதியோடு ஒரு பதிவேட்டில் எழுதி, அந்தப் பக்கத்தை அடுத்த கிராம சபையில் வாசியுங்கள்.